நாலாம் மணித் தட்டுகள்

“உபரியா வச்சிருந்த மூணு தட்டு எங்க?”

அக்கா இதைக் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதட்டலாகவும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றியபடி, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டாள். கழுவு தொட்டியோரம் நின்ற பூனை திரும்பாமலே சொன்னாள்.

“பூஞ்சை பிடிச்சிருந்துச்சுக்கா. கொட்டிட்டேன்.”

“சனியன். நல்லவேளை, உபரியோட போச்சு.”

அக்கா ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து அன்றைய தேதிக்குக் கீழே எழுதினாள்: உபரி மூன்று, பூஞ்சை, கொட்டியாயிற்று. அத்தோடு பேச்சு முடிந்தது. பூனை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பூனை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் குக்கர் அண்ணன் வைத்தது. பாட்டில்களையும் குழாய்களையும் நீராவியில் அவித்து எடுக்கும் பெரிய பாத்திரத்துக்கு அவர்தான் பொறுப்பு. அதனால் அவர் குக்கர் அண்ணன். வந்த முதல் வாரம் இவள் பின்னால் வந்து நின்றது தெரியாமல் திரும்பி, ஒரு கூடை குழாயைக் கீழே போடப் பார்த்தார். “ஏம்மா, பூனை மாதிரி வர்றியே, ஒரு செருமலாவது செருமக் கூடாதா?” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து படிக்கச் சொன்னபோது இவளுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நாற்பது பேர் சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாள் காய்ச்சல் என்றாள். மூன்றாம் நாள் காரணம் எதுவும் சொல்லவில்லை, போகவும் இல்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் அம்மா, யார் யாரையோ பிடித்து, இந்தக் கண்ணாடி கழுவும் வேலையை வாங்கிக் கொடுத்தாள். “இங்க யாரும் உன்னைப் படிக்கச் சொல்ல மாட்டாங்க. கழுவு, கவுத்து வை, வா” என்றாள்.

அக்கா நாலாம் வருட ஆராய்ச்சி மாணவி. பூனை பேசாதவள் என்பதால் மற்றவர்கள் அவளிடம் காது கேளாதவளிடம் பேசுவதுபோல் கத்திப் பேசுவார்கள். அக்கா மட்டும் சாதாரணமாகப் பேசுவாள். பூனையின் கை நடுங்காது என்பதைக் கண்டுபிடித்ததும் அக்காதான். தட்டிலிருந்து செல்லைச் சுரண்டி எடுக்கும் வேலையை மெல்ல மெல்லப் பழக்கிவிட்டாள். கழுவுகிற ஆள் செல்லைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் இது இரண்டு பேருக்குள் இருந்த ரகசியம்.

தட்டு எங்கே என்று கேட்ட அந்த நாளுக்காக அக்கா ஒரு வாரம் பாடுபட்டிருந்தாள். தட்டில் வளரும் மனிதச் செல்கள் தாறுமாறாக வளரும். ஒன்று இரண்டாகப் பிரியும் நேரத்தில் இன்னொன்று சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்த ஒரு மருந்து ஊற்ற வேண்டும். ஒரு முறை நிறுத்தி, விட்டு, மறுபடி நிறுத்த வேண்டும். சிக்னலில் வண்டிகள் நிற்பதுபோல் எல்லாம் வரிசையாக நிற்கும். பிறகு மருந்தைக் கழுவிவிட்டால் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் கிளம்பும். கிளம்பிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மும்மூன்று தட்டாக எடுத்து, செல்லை உடைத்து, உறைபெட்டியில் வைக்க வேண்டும். செல்களை உடல்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரின் மேல்தட்டில் கிளப்பிவிட்ட தட்டுகள் இருந்தன. கீழ்த்தட்டில் இன்னும் மருந்தோடு நிறுத்தியே வைத்த மூன்று தட்டுகள், எதற்கும் இருக்கட்டும் என்று.

காலை ஆறு மணிக்கு மருந்தைக் கழுவிவிட்டார்கள். எட்டு மணிக்கு இரண்டாம் மணித் தட்டுகளை அக்கா எடுத்தாள். ஒன்பதரைக்குப் பேராசிரியர் ஆள் அனுப்பினார். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள், கூட்டத்துக்கு எல்லாரும் வந்தாக வேண்டும், வாசலில் கையெழுத்துப் போட வேண்டும்.

“போச்சுடா. பத்து மணிக்கு நாலாம் மணித் தட்டு எடுக்கணுமே!” அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பூனையைப் பார்த்தாள். “நீ எடுத்துடுறியா? யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

“யார்கிட்ட விடப்போறேன்?” என்றாள் பூனை. அது அவளுக்கு ஒரு நீளமான பேச்சு. அக்கா சிரித்துக்கொண்டே ஏட்டில் ‘நாலாம் மணி, எடுத்தது நான்’ என்று முன்கூட்டியே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பத்து மணிக்குப் பூனை இன்குபேட்டரைத் திறந்தாள். உள்ளே இருந்த ஈரவெப்பம் முகத்தில் அடித்தது. மூன்று தட்டும் ஒரு சிறு தகரத் தாம்பாளத்தில் இருந்தன. தாம்பாளத்தின் அடி ஈரமாக இருந்தது அவளுக்குத் தெரியாது. நடுங்காத கைதான், வழுக்கிவிட்டது. மூன்று தட்டும் குப்புற விழுந்தன. இளஞ்சிவப்புத் திரவம் அவள் செருப்பைச் சுற்றி ஓடியது.

இவளுக்கு முன் அந்த வேலையில் இருந்தவள் ஒரு பாட்டிலை உடைத்ததற்காக அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். ஓடிப்போய்க் கூட்டத்தின் நடுவில் அக்காவைக் கூப்பிடலாம். அதற்கு அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும். நாற்பது பேருக்குப் பதில் நானூறு பேர்.

கீழ்த்தட்டில் மூன்று தட்டுகள் இருந்தன. அதே இளஞ்சிவப்பு. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அதே செல், அதே நெருக்கம். ஒரே குடுவையிலிருந்து ஒரே நாளில் ஊற்றியவை. ஸ்பிரிட்டைத் தொட்டு மேலே எழுதியிருந்ததைத் துடைத்துவிட்டு ‘4’ என்று எழுதினாள். கழுவினாள், உடைத்தாள், சுரண்டினாள், உறைபெட்டியில் வைத்தாள். தரையைத் துடைத்தாள். ஈரத்துணியோடு வெளியே வந்தபோது குக்கர் அண்ணன் நடையில் நின்றுகொண்டிருந்தார். “என்ன, உள்ளேயும் நீதான் துடைக்கிறியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மதியம் அக்கா வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு மேசைக்கு அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஒரு தாளை விரித்தாள். அதில் வரைந்திருந்த கோடு ஏறி, திடீரென்று அதல பாதாளத்தில் விழுந்து, மறுபடி ஏறி, மெல்ல இறங்கியது.

“மலையா, பள்ளமா?” என்றார் குக்கர் அண்ணன்.

“பள்ளம்ணே, பள்ளம்! யாருமே பார்க்காத பள்ளம்.”

“புரியற மாதிரி சொன்னா நாங்களும் சந்தோஷப்படுவோம்.”

அக்காவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “ஒரு செல்லுக்குள்ள ஆறடி நூல் இருக்குண்ணே, டிஎன்ஏ.”

“ஆறடியா? என்னை விட ஒசரம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்குள்ள எப்படி அடங்கும்? எங்க வீட்டு ரெண்டு ரூம்ல நாலு பேரே அடங்க மாட்டேங்குறோம்.”

“கட்டையில சுத்தி வச்சிருக்கும். அந்தக் கட்டைதான் ஹிஸ்டோன். செல் ரெண்டாகணும்னா நூலை நகல் எடுக்கணும். புது நூலுக்குப் புதுக் கட்டை வேணும், கோடிக்கணக்குல. நகல் எடுக்கற எட்டு மணி நேரத்துக்குள்ள.”

“முன்னாடியே செஞ்சு அடுக்கி வச்சுக்க வேண்டியதுதானே?”

“கூடாது. நூல் இல்லாத கட்டை செல்லுக்கு விஷம். கண்டதுலயும் போய் ஒட்டிக்கும். அதனால நகல் எடுக்க ஆரம்பிச்சப்புறம்தான் ‘கட்டை செய்’னு சீட்டு எழுதி மளமளன்னு அனுப்பும். மத்த சீட்டுக்கெல்லாம் நீளமா ஒரு வால் இருக்கும். வால் இருக்கறவரைக்கும் சீட்டு பிழைச்சுக் கிடக்கும். கட்டைச் சீட்டுக்கு மட்டும் வால் கிடையாது. முனையில சின்னதா ஒரு மடிப்பு, அதைப் பிடிச்சுக்க ஒரு காவல்காரப் புரதம், அவ்வளவுதான். நகல் நின்னுச்சுன்னா அரை மணி நேரத்துல அத்தனை சீட்டையும் கிழிச்சுப் போட்டுடும்.”

“அம்புட்டு அவசரமா?”

“வேலை முடிஞ்சப்புறம் வர்ற கட்டையால யாருக்கு என்ன லாபம்ணே?” அக்கா தாளைத் தட்டினாள். “நாலாம் மணிலதான் சீட்டு உச்சத்துல இருக்கணும். இங்க பாருங்க, ஒண்ணுமே இல்ல. ஆறாம் மணில திரும்ப வருது. மூணு தட்டுலயும் இப்படித்தான். அப்படின்னா செல் நடுவழியில தானாவே நிக்குது! யாரு நிறுத்துறா? அதைக் கண்டுபிடிச்சா புத்துச் செல்லையும் அங்கேயே நிறுத்திடலாம்.”

பூனை கையில் எடுத்த சோற்றை மறுபடி டப்பாவில் வைத்தாள். செல் நடுவழியில் நிற்கவில்லை. அந்த மூன்று தட்டில் இருந்த செல் கிளம்பவே இல்லை. மருந்தோடு கோட்டிலேயே நின்றவை. நகல் இல்லை, அதனால் சீட்டும் இல்லை. செல் செல்தானே என்று நினைத்தாளே, அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை பாடும்.

“ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்றாள் அக்கா. பிறகு அண்ணனுக்குக் கேட்காமல் காதோடு சொன்னாள், “நீ எடுத்த தட்டுதான்டி அது. உன் கை ராசி.”

அப்போது சொல்லியிருக்கலாம். மேசையில் மூன்று பேர்தான். ஆனால் அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அன்று மாலையே அக்கா தாளைப் பேராசிரியரிடம் காட்டிவிட்டாள். நகல் எடுக்கும் செல் எத்தனை, நிற்கும் செல் எத்தனை என்று எண்ணும் இயந்திரம் அந்த மாதம் பழுது. அது ஓடட்டும் என்று பொறுக்க அவருக்கு மனமில்லை. அடுத்த மாதம் பெரிய சபையில் பேசினார். பள்ளத்துக்குத் தன் பெயரையே வைத்துவிடுவார் போலிருந்தது.

பிறகு, மறுபடி செய்து காட்டச் சொன்னார்.

அக்கா மறுபடி செய்தாள். இந்த முறை எல்லாத் தட்டையும் தானே எடுத்தாள். கோடு ஏறியது, உச்சத்துக்குப் போனது, இறங்கியது. பள்ளம் இல்லை. இன்னொரு முறை செய்தாள். மருந்தை மாற்றினாள். செல்லை மாற்றினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு எடுத்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்த அதே பழைய மலைதான் வந்தது. “முதல் தடவை வந்தது இப்ப ஏன் வரல? கையில சுத்தம் இல்ல” என்றார் பேராசிரியர். அக்கா சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்தினாள். தலை வாரிய நாளும் வாராத நாளும் ஒன்றுபோல் ஆயின. வீட்டிலிருந்து அவள் அம்மா பேசும்போது போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, “முடிஞ்சிடும்மா, முடிஞ்சிடும்” என்று மட்டும் சொல்வாள். எட்டு மாதம் இப்படி.

பூனை மூன்று முறை முயன்றாள். ஒரு முறை குளிரறையில், இருவரும் தனியாக இருந்தபோது, “அக்கா” என்றாள்.

“என்னடி?”

பூனை அலமாரியைப் பார்த்தாள். “உப்புக் கரைசல்... தீர்ந்துபோச்சு.”

“சரி, கலக்கிக்கலாம்.” அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் மாதம் பேராசிரியர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடிவு செய்தார். மூன்று பேர் கொண்ட விசாரணை வைத்தார்கள். அக்காவின் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பூனையையும் கூப்பிட்டார்கள். நீள மேசை, மூன்று தண்ணீர்க் குவளைகள்.

“தட்டு கழுவுற பொண்ணுதானே நீ? அன்னிக்கு செல் அறையில யாரு இருந்தாங்கன்னு தெரியுமா?”

பூனை தலையை ஆட்டினாள், இல்லை என்று. தலை தானாக ஆடியது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“சரி, போ.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மாலை குக்கர் அண்ணன் பாத்திரத்தின் கதவை இறுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினார். “கூட்டத்து வாசல்ல உங்கக்கா போட்ட கையெழுத்தைக் கொண்டாந்து வச்சுட்டாங்களாம். பத்து மணிக்கு நீ அங்க இருந்திருக்கே, ஆனா ஏட்டுல தட்டு எடுத்தது நான்னு எழுதியிருக்கே, அப்ப எடுக்கவே எடுக்காத கணக்கைக் கற்பனையா எழுதிட்டேன்னு பிடிச்சுக்கிட்டாங்க.”

பூனை கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“யாரு எடுத்தாங்கன்னு ஏழு தடவை கேட்டாங்களாம். நான் எடுக்கல, அதுக்கு மேல சொல்ல மாட்டேன்னு சொல்லிடுச்சாம் அந்தப் பொண்ணு.” கதவு இறுகியது. “எனக்கும் கண்ணு இருக்கும்மா. அன்னிக்கு உள்ளே இருந்து வந்தது நீதான். உன் பேரைச் சொல்லியிருந்தா அது பாதி தப்பிச்சிருக்கும். சொன்னா உன்னை அன்னிக்கே அனுப்பிடுவாங்கன்னுதான் வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.”

“நாளைக்கு...” என்றாள் பூனை.

“நாளைக்கு மறுபடி கூப்பிட்டிருக்காங்க. கடைசி.”

வீட்டில் அம்மா கால்களை வெந்நீரில் விட்டு உட்கார்ந்திருந்தாள். நின்றே துணி வெளுத்து இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. இன்னும் ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிடுவதாக அவள் வருடா வருடம் சொல்வாள். “என்னடி, சாமி வந்தவ மாதிரி நிக்கிறே? வாயில என்ன பூட்டா? சாவியை யார்கிட்ட குடுத்தே?”

“அம்மா, என் வேலை போயிடுச்சுன்னா?”

அம்மா சிரிப்பதற்காகத் திறந்த வாயை மெல்ல மூடினாள். வெந்நீரைப் பார்த்தாள். “நீ ஏதாவது திருடினியா?”

“இல்லம்மா.”

“அப்ப போகாது” என்றாள். துண்டை எடுத்துக் காலைத் துடைக்கத் தொடங்கினாள். ஒரே காலையே வெகுநேரம் துடைத்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பூனை ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். அக்காவின் மேசையில் ஏடுகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கியிருப்பது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. அன்றைய தேதியைத் தேடி எடுத்தாள்.

ஏட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது. தப்பாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. அக்கா கோடு போடுவதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

‘உபரி மூன்று, பூஞ்சை, கொட்டியாயிற்று’ என்பதன் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்:

‘பூஞ்சை இல்லை. நாலாம் மணித் தட்டு மூன்றையும் நான் கீழே போட்டுவிட்டேன். நிறுத்தி வைத்திருந்த உபரி மூன்றை எடுத்து, நாலு என்று எழுதி வைத்தேன். எடுத்தது நான். அக்கா அப்போது இங்கே இல்லை. அக்காவுக்கு இது தெரியாது.’

கீழே தேதி. அதற்கும் கீழே, பள்ளிக்கூடப் பதிவேட்டோடு நின்றுபோன தன் முழுப் பெயர்.

வாயால் ஒன்பது மாதம் வராதது, கையால் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஏட்டை விரித்து வைத்துவிட்டு, கழுவு தொட்டியோரம் போய் நின்றாள். பயம் இருந்தது. அதோடு, வெட்கமில்லாமல், ஒரு நிம்மதியும் இருந்தது. பத்து மணிக்கு விசாரணை. அதற்கு முன் அக்கா இதைப் பார்ப்பாள். கையில் எடுத்துக்கொண்டு போவாள்.

எட்டு மணிக்கு அக்கா வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. தலை வாரியிருந்தாள். முகம் கழுவித் துடைத்த பாத்திரம்போல் இருந்தது.

“இவ்வளவு சீக்கிரம் வந்துட்டியா? நல்லது. சொல்லிட்டுப் போகலாம்னு நினைச்சேன்.”

“விசாரணை...”

“அது நேத்து சாயங்காலமே முடிஞ்சுடுச்சு. அஞ்சரைக்குப் பேராசிரியர் கூப்பிட்டார். எடுக்காத அளவை எடுத்ததா எழுதினேன்னு ஒரு தாள். கையெழுத்துப் போட்டா சத்தமில்லாம அனுப்பிடுறோம், போடலேன்னா இனி எந்த வாசலும் திறக்காதுன்னாங்க.” மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்திலிருந்த தன் தண்ணீர்ப் புட்டியைப் பெட்டிக்குள் போட்டாள். “போட்டுட்டேன். ஒரு விதத்துல நிஜம்தானேடி? நான் எடுக்கலையே. பட்டம் கிடையாது. இந்த வேலையை இனி வேற எங்கயும் செய்யவும் முடியாது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

பூனையால் தொட்டியின் விளிம்பை விட முடியவில்லை.

“அழாதே. உன் பேரு வரல, வராது. அந்தப் பள்ளம் மட்டும் எனக்குப் புரியவே இல்ல பூனை. நிஜமாவே இருந்துச்சு. மூணு தட்டுலயும் இருந்துச்சு. நான் பைத்தியம் இல்லையே?” சிரித்தாள். “சரி, ஏட்டை ஒப்படைக்கணும். அண்ணன் வண்டியில எடுத்துட்டுப் போவார். இதை யாரு திறந்து வச்சது?”

குனிந்தாள்.

கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு அடியில் இருந்த தன் எழுத்தைப் படித்தாள். பக்கத்தில் இருந்ததைப் படித்தாள். ஒரு முறைதான் படித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்து, கடைசிப் பெயரில் நின்றது. அந்தப் பெயர் யாருடையது என்று ஒரு கணம் அவளுக்குப் புரிந்திருக்காது. பிறகு நிமிர்ந்து இன்குபேட்டரைப் பார்த்தாள். அதன் கீழ்த்தட்டைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

பூனை வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியதை விடியற்காலையிலிருந்து உதட்டிலேயே வைத்திருந்தாள். ‘மன்னிச்சிடுங்கக்கா’, ஒரே சொல். திறந்த வாய் ஒன்பதாம் வகுப்பில் திறந்தது போலவே திறந்து நின்றது.

அக்கா ஏட்டை மூடினாள். மற்ற ஏடுகளின் மேல் வைத்தாள். அடுக்கின் ஓரங்களை இரண்டு உள்ளங்கையாலும் தட்டிச் சமப்படுத்தினாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியில் இருந்த பல் தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ஏடுகளின் மேல் வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

கழுவு தொட்டியைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். காலி நாற்காலி ஒன்றைத் தாண்டுவதுபோல் பூனையைத் தாண்டினாள். கதவைத் தோளால் தள்ளினாள். நடையில் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. கதவு தன்னால் திரும்பி வந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.